ஹை-பவர் பிளெண்டர்: இவ்வளவு காசு கொடுத்து வாங்கணுமா?

ரீல்ஸில் ஸ்மூத்தியைப் பார்த்ததும் பிளெண்டரை ‘கார்ட்’டில் போட்டாச்சா? பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

எதுக்கு நல்லது?
ஐஸ், உறைந்த பழம், நட்ஸ், கீரை எல்லாம் திப்பியில்லாமல் அரைபடும். ஆனால் பெரிய ஜாரில் பொருள் சுழல நீர்ப்பதம் வேண்டும். இரண்டு பேருக்கான கெட்டிச் சட்னி ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதுக்கு மிக்ஸியின் சின்ன ஜார்தான் சரி.

கரன்ட் பில் எகிறுமா?
இல்லை. 1,500 வாட் பிளெண்டர் தினமும் 2 நிமிடம் ஓடினால் மாதம் 1.5 யூனிட்தான்.

அமெரிக்காவில் இருந்து அண்ணன் கொண்டு வந்தால்?
அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் மோட்டார் காலி. டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு.

அப்போ வாங்கலாமா?
ஒரு கணக்குப் போடுங்க. 30,000 ரூபாய் பிளெண்டரை 3 வருடம் தினமும் பயன்படுத்தினால், ஒரு தடவைக்குச் சுமார் 27 ரூபாய். வாரம் ஒருமுறைதான் என்றால் சுமார் 192 ரூபாய்!

தினமும் ஸ்மூத்தி குடிப்பவர், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு 750 வாட் மிக்ஸியே போதும்.