மிடற்றிசைக்குத் துணை கிளாரினெட்

தஞ்சைச் சின்ன மேளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்ற கிளாரினெட், பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அவர்களின் கையில் தனிக் கச்சேரி மேடையும் ஏறியது. ஆகவே அது தமிழருக்கு அயற்கருவியன்று. அதன் தாயகமான ஐரோப்பாவில், அறையிசை என்னும் பிரிவில் அது பாட்டோடு இணையும் முறை அறியத்தக்கது. சிலர் மட்டும் கூடி, ஆளுக்கொரு பகுதியாக இசைப்பதே அறையிசை.

பாடகர் ஒருவரும் கிளாரினெட் வாசிப்போர் சிலரும் சேர்ந்து நிகழ்ச்சி நடத்த விரும்பினால், எதைப் பாடுவது என்பதே முதற் கேள்வி. ஐரோப்பியத் தனிப்பாடல்களில் பெரும்பாலானவை பியானோவைத் துணையாகக் கொண்டவை. அத்துணையைக் கிளாரினெட்டுக்கு அப்படியே மாற்றிவிட இயலாது. பியானோவில் ஒரே வேளையில் பல சுரங்கள் ஒலிக்கும். கிளாரினெட்டில் ஒன்றே பிறக்கும். எனவே, கருவிகள் எத்தனை என்பதைக் கொண்டே பாட்டைத் தேட வேண்டும்.

ஒரு கருவி

குரலும் கிளாரினெட்டும் மூச்சினால் வாழ்பவை. கிளாரினெட்டின் ஒலி ஏறத்தாழ மூன்றரை ஸ்தாயி பரவுவது. ஓசையே இல்லாத நிலையிலிருந்து மெல்ல எழக் கூடியது. அதனால் சொற்களை மறைக்காமல் குரலுக்குக் கீழும் மேலும் அது உலவ முடிகிறது. இவ்வியல்பை நன்கு ஆண்டவர் வியன்னாவைச் சேர்ந்த ஷூபெர்ட். அன்னா மில்டர் என்னும் பாடகிக்காக 1828 அக்டோபரில் அவர் இயற்றியது ‘பாறைமேல் இடையன்’. உயர்ந்த பெண்குரல் பாட, கிளாரினெட் மறுமொழி கூறும். அடுத்த மாதமே, தம் 31-ஆம் வயதில், ஷூபெர்ட் மறைந்தார். 1830-இல் ரீகா நகரில் மில்டர் அதனைப் பாடியபோது கேட்க அவர் இல்லை. 1837-இல் ஸ்போர் இயற்றிய ஆறு ஜெர்மன் பாடல்களும் இவ்வகையினவே. ஆயினும் இவை இரண்டிற்கும் பியானோவும் வேண்டும்.

பியானோ இல்லாமலே குரலும் ஒரு கிளாரினெட்டும் மட்டும் நிற்பதற்கு, ஆங்கிலேயரான வாகன் வில்லியம்ஸ் தம் இறுதி ஆண்டாகிய 1958-இல் இயற்றிய மூன்று உருப்படிகள் சான்று. அவற்றில் சொற்களே இல்லை. குரலும் ஒரு கருவியாகிவிடுவதால், இரண்டும் சமநிலை பெறுகின்றன.

இரண்டும் மூன்றும்

கருவி இரண்டானால், ஒன்று சென்ற வழியே மற்றொன்று பின்தொடரும் ‘கேனன்’ முறை கைகொடுக்கிறது. வெபர்ன் 1923-24-இல் உயர்ந்த பெண்குரல், கிளாரினெட், பாஸ் கிளாரினெட் ஆகியவற்றுக்கு லத்தீன் பாட்டுகள் ஐந்தை இம்முறையில் அமைத்தார். அளவிற் சிறியவை, பாடுவதற்கோ மிக அரியவை.

மூன்றானால், சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டொலி கிடைத்துவிடுகிறது. பியானோவின் குறையை அது ஓரளவு நிரப்பும். ஸ்திராவின்ஸ்கி இதனை இருமுறை கையாண்டார். 1915-16-இல் அமைத்த ‘பூனைத் தாலாட்டுகள்’ நான்கும் ருஷ்ய நாட்டுப்புறப் பாடல்கள். தாழ்ந்த பெண்குரலுக்கு உரியவை. 1963-இல் கொலையுண்ட அமெரிக்க அதிபர் கென்னடிக்கு, கவிஞர் ஆடன் எழுதிய இரங்கற்பாவை 1964-இல் மூன்று கிளாரினெட்டுகளுடன் இசைத்தார். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஒரே வகைத் துணை பொருந்தியமை கருதத்தக்கது.

மோசார்ட்டின் இரவுப் பாடல்கள் சிலவற்றிலும் மூன்று கருவிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்கு இரு கிளாரினெட்டுகளும், அதன் இனத்ததாய்த் தாழ்ந்து ஒலிக்கும் பாசெட் ஹார்ன் ஒன்றும் வேண்டும். ஆனால் பாடுவோர் மூவர் தேவை என்பதை மறத்தலாகாது.

தேடுவோர் கவனத்திற்கு

சாதாரணமாக வழங்கும் பி-பிளாட் கிளாரினெட், ஏட்டில் எழுதிய சுரத்தினும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிப்பது. பாடகரின் ஏட்டைப் பார்த்து அவ்வாறே வாசித்தால் சுருதி சேராது. தனிப் பகுதி எழுதப்பட்ட பதிப்பையே தேட வேண்டும். அடுத்து நோக்க வேண்டுவது குரலின் எல்லை. உயர்ந்த பெண்குரலுக்கு ஷூபெர்ட்டும் வாகன் வில்லியம்ஸும் உளர். தாழ்ந்த பெண்குரலுக்குத் தாலாட்டுகளும், நடுத்தர ஆண்குரலுக்குக் கென்னடி இரங்கற்பாவும் ஏற்றவை. இத்துறையில் நூல்கள் சிலவே. எனினும் குரலையும் கருவியையும் முதலில் எண்ணிக்கொண்டு தேடுவோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.