நெடும் பயணத்துக்கு முன்

பிழைப்பின் பொருட்டு வடபுலத்தில் குடியேறிய நாம், முன்னாளில் ஊருக்குச் செல்வதென்றால் இரயில் வண்டி ஒன்றையே நம்பியிருந்தோம். இன்றோ, குடும்பத்துடன் சொந்தக் காரிலேயே புறப்படுவோர் நம்மிடையே பலர். தில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குமரிமுனை வரை செல்கிறது. அத்துணைத் தொலைவுக்கு நம் கார் தகுதியுடையதுதானா?

“நாள்தோறும் அலுவலகம் போய்வருகிறோமே, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!” என்பார் உளர். நகருள் அரைமணி நேரம் ஓடுவது வேறு. ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வெயிலில் பல மணி நேரம் ஓடுவது வேறு. நகரில் மறைந்திருக்கும் குறை, நெடுஞ்சாலையில்தான் தலைகாட்டும். ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய இரவில் அன்று, பத்து நாட்களுக்கு முன்பே காரைப் பழகிய மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். புதிதாக மாற்றிய உறுப்பு செவ்வையாக இயங்குகிறதா என்பதை ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க அந்த அவகாசம் உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியது டயர். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதனால் உண்டாகும் சூடு உள்ளேயே சேர்ந்து, இரப்பரும் அதனுள் பதிந்த இழைகளும் பிரியத் தொடங்கும். முடிவில் டயர் வெடிக்கும். விரைந்து செல்லும் காரில் அவ்வாறு நேர்ந்தால், ஓட்டுபவரின் திறமை எவ்வளவாயினும் பயன் குறைவே. மே மாதத்தில் விதர்ப்பப் பகுதியைக் கடப்போருக்கு இது பெரிதும் பொருந்தும்; அங்கு வெயில் 45 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். பல கார்களில் குறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும் இருக்கும். குடும்பத்துடன் செல்லும் நாம் இரண்டாவதைக் கொள்ள வேண்டும். டயரின் மீதே பொறித்துள்ள எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, நாம் அடிக்க வேண்டிய அளவு அன்று. வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும் காலைப் பொழுதில் அளப்பதே முறை. ஓடிய பின் அளவு சில பவுண்டுகள் கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடலாகாது.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை ஓட்டுதல் சட்டப்படி தவறு. மழைச் சாலையில் அதற்கு முன்பே பிடிப்புக் குறைந்துவிடும். தேயாத டயரும் முதுமையடையும் என்பதைப் பலர் அறியார். பக்கத்தில் நான்கு இலக்கம் காணலாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆண்டுகள் பல கடந்து வெடிப்புக் கண்டதை மாற்றிவிடுக. ஸ்டெப்னியையும் மறவாது சோதிக்க வேண்டும்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். இடைவிடாது பிரேக் போடும்போது சூடேறி எண்ணெய் ஆவியாகுமானால், மிதித்த கால் கீழே சென்றுவிடும், வண்டி நிற்காது. ஆதலால் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய், விபத்துகளுக்குப் பெயர் பெற்ற இறக்கம். அத்தகைய இடத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்துமாறு இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்தலாம் என்றெண்ணி நியூட்ரலில் விடுவது அறியாமை. இக்காலக் கார்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானே நின்றுவிடுகிறது.

கூலண்ட், எஞ்சின் எண்ணெய், பாட்டரி, வைப்பர், விளக்குகள் ஆகியவற்றை மெக்கானிக் ஒரே வேளையில் பார்த்துவிடுவார். வழியில் எஞ்சின் கொதித்தால், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பீறிடும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவை கைவசம் இருத்தல் வேண்டும். 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதில் போதிய பணம் உண்டா என்று பார்த்துக்கொள்க. தேசிய நெடுஞ்சாலையில் இடர் நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 1033.

காரைச் செப்பனிட்ட பின் எஞ்சியிருப்பது ஓட்டுபவர். விடுப்பு நாட்கள் குறைவு என்பதற்காக இரவெல்லாம் ஓட்டுவோர் நம்மில் உண்டு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கண் தானே செருகும். அதைத் தேநீர் நெடுநேரம் தடுக்காது. சென்னைப் பயணத்தை நான்கு பகல்களாகப் பகுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டரே ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கலாம். பொங்கலுக்குப் புறப்படுவோர் தில்லிப் பக்கத்து மூடுபனி விலகிய பின்னரே கிளம்புவது நன்று. பின்னிருக்கையில் அமரும் பெற்றோரும் குழந்தைகளும்கூட இருக்கைப் பட்டை அணிதல் வேண்டும். ஊரில் காத்திருப்போர் ஒரு நாள் பிந்தி வந்தாலும் முகம் மலர்ந்தே வரவேற்பர்.