கம்ப்ரசர் முள் சொல்லும் கணக்கு

பங்குனி பிறந்தால் போதும், “கம்ப்ரசர் ஓடுது, தண்ணி வரல” என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். குழாயை இன்னும் இறக்கலாமா, வேறு போர் போடலாமா என்று யோசிப்போம். அந்தச் செலவில் இறங்கும் முன்னால் கம்ப்ரசரில் உள்ள பிரஷர் மீட்டரைப் பாருங்கள். குறை மிஷினிலா, போரிலா என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

கம்ப்ரசர் தண்ணியை உறிஞ்சுவதில்லை. அடியில் போகும் காற்று, குழாய்க்குள் இருக்கும் தண்ணியோடு குமிழியாகக் கலந்து அதை லேசாக்குகிறது. சுற்றி நிற்கும் தண்ணி அதை மேலே தள்ளுகிறது. ஆக, காற்று வெளிவரும் இடத்துக்கு மேலே நிற்கும் தண்ணிதான் பலம்.

1 கிலோ பிரஷர் என்றால் ஏறக்குறைய 33 அடி தண்ணி. என் தோட்டத்தில் குழாய் 400 அடி இறங்கியிருக்கிறது. மோட்டார் போட்டதும் முள் 7 கிலோவுக்கு ஏறும். 230 அடி தண்ணி நிற்கிறது என்று அர்த்தம். தண்ணி விழ ஆரம்பித்ததும் 5 கிலோவில் நிலைக்கும். இந்த இரண்டு எண்ணையும் வாரம் ஒருமுறை தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பேங்க் வேலையில் வந்த பழக்கம்!

எண்கள் மாறவில்லை, தண்ணி குறைவு: போகும் காற்று குறைந்திருக்கிறது. ஏர் ஃபில்டரில் தூசி, பெல்ட் தொய்வு இரண்டையும் முதலில் பாருங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். ஓடும்போது ஃபில்டர் வழியே காற்று திரும்ப வீசினால் வால்வு தகடு தேய்ந்திருக்கும்.

இரண்டு எண்ணும் இறங்கிவிட்டது: நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், காற்று ஹோஸ் நடுவில் ஓட்டையாகியிருக்கலாம். மோட்டாரை நிறுத்தி சில மணி நேரம் கழித்து, கயிற்றில் எடை கட்டிவிட்டு மட்டத்தை அளந்து பாருங்கள். மட்டம் பழையபடி இருந்தால் ஹோஸ்தான் குற்றவாளி. போரை ஆழப்படுத்த வேண்டியதில்லை.

எண் ஏறுது, தண்ணி குறையுது: எங்கேயோ அடைப்பு. உப்புத் தண்ணி உள்ள இடங்களில் குழாயில் உப்பு படிந்து வழி சுருங்கிவிடும். குழாயை எடுத்துச் சுத்தம் செய்யணும்.

இயற்கை விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்கணும். தொட்டித் தண்ணியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த எண்ணெய் நம்ம மண்ணுக்கும் ஜீவாமிர்த டிரம்முக்கும் போகும். ஆயில் அளவை மட்டும் நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காதீங்க. ஏர் டேங்கின் அடியில் சேரும் தண்ணியையும் தினமும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

எதைக் கழற்றும் முன்னாலும் மெயின் சுவிட்சை நிறுத்தி, காற்றை முழுக்க வெளியேற்றணும். சேஃப்டி வால்வு கசியுதுன்னு அதை அடைக்கவே கூடாது. டேங்க் வெடித்து உயிர் போகும்.

நீர்மட்டம்தான் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் மெக்கானிக்கால் ஒன்றும் ஆகாது. அப்போது செலவழிக்க வேண்டியது மூடாக்குக்கும் பண்ணைக்குட்டைக்கும்தான்.