ஸ்லைடு போடலாம் வாங்க!



"செமினாருக்கு பி.பி.டி. ரெடியா?" என்று ஆசிரியர் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? கவலை வேண்டாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதுபவன் கம்ப்யூட்டர் புலி அல்ல. ஒருமுறை மேடையில் அசடு வழிந்து, மறுமுறை எப்படியோ தேறிவந்த ஒரு சிவில் பிரிவு மாணவன். என் அனுபவம் முதலாண்டு தம்பி தங்கைகளுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அசடு வழிந்த கதை

தமிழ் மன்றக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச எனக்குக் கிடைத்த தலைப்பு "உத்திரமேரூர் குடவோலை முறை". நம்ம வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊர்தானே! பஸ் ஏறிப் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் பார்த்தேன். செல்போனில் படம் எடுத்தேன். புத்தகத்தில் படித்ததை எல்லாம் ஒரு கடையில் கொடுத்துத் தமிழில் டைப் அடித்து வாங்கி, 22 ஸ்லைடுகளில் அப்படியே ஒட்டினேன். ஒவ்வொரு தலைப்பும் சுழன்று சுழன்று வந்து விழும். பின்னணியில் ரோஜாப்பூ வேறு!

அன்றைக்கு மேடையில் முதல் ஸ்லைடைப் போட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஏன் தெரியுமா? 'பானை' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜி, எச், ஐ, டி என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன! 22 ஸ்லைடும் இதே கதி. திரையைப் பார்த்து வாசிக்கலாம் என்று நம்பிப் போனவனுக்கு, வாசிக்க எதுவுமே இல்லை. இரண்டு நிமிடம் உளறிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அதற்குள் நான் கற்றுக்கொண்டவைதான் கீழே வருபவை.

ஸ்லைடு என்றால் என்ன?

அந்தக் காலத்தில் ஸ்லைடு என்பது கையில் பிடிக்கிற பொருள். சின்னச் சட்டத்தில் பொருத்திய பிலிமை ப்ரொஜெக்டரில் நுழைத்து, பின்னால் இருந்து வெளிச்சம் பாய்ச்சிச் சுவரில் படம் காட்டுவார்கள். அப்புறம் ஓ.எச்.பி. வந்தது. கண்ணாடி போன்ற தாளில் பேனாவால் எழுதி வைத்தால் திரையில் பெரிதாகத் தெரியும். நம் மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பவர்பாயிண்ட் 1987-ல் ஃபோர்தாட் என்ற சிறிய கம்பெனியில் பிறந்தது. முதலில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக, கறுப்பு வெள்ளையில், ஓ.எச்.பி. தாள்களைத் தயாரிக்கத்தான் வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ்ஸிலும் இதே வேலையைச் செய்யலாம். கீழே சொல்லும் கீகள் இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: முதலில் பேப்பர்!

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டம் கிடைக்கும். ஒரு கட்டம் ஒரு ஸ்லைடு. ஒரு ஸ்லைடுக்கு ஒரே ஒரு செய்தி. என் கட்டங்கள் இவை:

1. தலைப்பு, கோயில் படம்.
2. காலம்: முதலாம் பராந்தக சோழன், கி.பி. 919, 921.
3. யார் பெயரை எழுதலாம்? கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-லிருந்து 70-க்குள், வேதக் கல்வி.
4. யார் பெயரை எழுதக்கூடாது? கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்கள், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள்.
5. ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குதல்.
6. ஊரில் 30 குடும்பு. குடும்புக்கு ஒருவராக 30 பேர். சம்வத்சர வாரியம் 12, தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6.
7. கல்வெட்டின் இன்றைய படம்.
8. நன்றி, ரோஜாப்பூ. (அதை விட மனசு வரவில்லை!)

படி 2: டைப் அடித்தல்

பவர்பாயிண்ட்டைத் திறந்து வெற்று ப்ரசன்டேஷனைத் தேர்வு செய்யுங்கள். தலைப்புக் கட்டத்தில் க்ளிக் செய்து டைப் அடியுங்கள். அடுத்த ஸ்லைடுக்கு கன்ட்ரோல், எம் கீகளைச் சேர்த்து அழுத்தவும். ஸ்லைடில் எதை எங்கே வைப்பது என்பதை லேஅவுட் என்ற பட்டனில் மாற்றலாம்.

எழுத்தின் அளவு 28-க்குக் கீழே போகக்கூடாது. கடைசி பெஞ்சுக்காரனும் நம் ஆள்தானே! இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், வார்த்தையை வெட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போதும். பகல் வெளிச்சத்தில் மஞ்சள் எழுத்து மறைந்தே போய்விடும். சுழன்று வரும் எழுத்துகளும் வேண்டாம். எழுத்து சுழன்று நிற்கும்வரை நாமும் சும்மா நிற்கவேண்டியிருக்கும்.

படி 3: படம்

இன்சர்ட் மெனுவில் பிக்சர் என்பதை அழுத்திப் படத்தைக் கொண்டுவாருங்கள். பெரிதாக்கும்போது படத்தின் மூலையைப் பிடித்து இழுக்கவேண்டும். பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் கோயில் கோபுரம் குட்டிச்சுவர் ஆகிவிடும்!  ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், பெரிதாக.

படி 4: தமிழ் எழுத்து

என்னைக் கவிழ்த்த சமாச்சாரம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி, 'பானை' ஜி, எச், ஐ, டி ஆகிவிடுகிறது. யூனிகோடில் அடித்தால் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் அது தமிழாகவே இருக்கும். விண்டோஸில் லதா, நிர்மலா யு.ஐ. ஆகியவை யூனிகோடு எழுத்துருக்கள். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழ் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதற்கும் ஒரு பி.டி.எஃப். காப்பியும் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பி.டி.எஃப்.பில் எழுத்து மாறாது.

படி 5: ஒத்திகை

எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து ஸ்லைடுகள் ஓடும். எஸ்கேப் அழுத்தினால் நிற்கும். கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பதைவிட, தலைப்பே தெரியாத ஒருவரிடம் பேசிப் பார்ப்பது மேல். நான் வேலை முடிந்து வந்த அம்மாவை உட்காரவைத்து லேப்டாப்பில் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் திரையை வாசித்துத் தப்பிக்க வழியில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருந்தது.

பானை ஸ்லைடு வந்ததும் அம்மா கேட்டார்: "ஓலையை யாருடா எடுத்தாங்க?"

"விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்கம்மா. அப்பதான் ஏமாத்த முடியாது. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கிச் சத்தமாப் படிப்பான்."

"அப்படியா! நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க," என்றவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சரி, நம்ம பேரு அந்தப் பானையில இருந்திருக்குமா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மூன்றாவது ஸ்லைடிலேயே பதில் இருந்தது. கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனை வேண்டும். வேதம் கற்றிருக்கவேண்டும். உத்திரமேரூர் அன்று பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவர், நெய்தவர், பெண்கள் யார் பெயரும் ஓலையில் ஏறியிருக்காது. நான் அதை டைப் அடித்திருந்தேன், யோசிக்கவில்லை.

"இருந்திருக்காதும்மா" என்றேன். "அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

எட்டாவது கட்டத்தில் இருந்த ரோஜாப்பூவை அன்று இரவே எடுத்துவிட்டேன். லேஅவுட்டில் இரண்டு பத்தி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் 'அன்று பானைக்கு வெளியே: நிலமற்றோர், பெண்கள், பிற சாதியார்' என்று எழுதினேன். வலப்பக்கம் 'இன்று: 18 வயதில் ஓட்டு, 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் போட்டி, பெண்களுக்கு 50 சதவீத இடம்' என்று எழுதினேன். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் அந்த 50 சதவீதத்துக்கு 2016-ல் சட்டம் வந்தது.

படி 6: அந்த நாள்

அரை மணி முன்பே போய் ஹால் கம்ப்யூட்டரில் எல்லா ஸ்லைடையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுங்கள். முக்கியமான இடத்தில் 'பி' கீயை அழுத்துங்கள். திரை கறுப்பாகிவிடும், எல்லார் கண்ணும் உங்கள் மேல் திரும்பும். மறுபடி அழுத்தினால் படம் வரும். கரண்ட் போனாலும் பயம் இல்லை. எட்டுக் கட்டம் போட்ட தாள் சட்டைப்பையில் இருக்கிறதே!

இரண்டாம் முறை நான் பேசியபோது கைகால் உதறல் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எட்டாவது ஸ்லைடு வந்ததும் பின் பெஞ்சில் இருந்து ஒருவன், "அப்ப எங்க தாத்தா பேரும் இருந்திருக்காதா?" என்று கேட்டான். இன்னொருவன் பதில் சொன்னான். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு அரை மணி நேரம் போயிற்று. முதல் தடவை 22 ஸ்லைடு போட்டும் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கோயில் சுவரில் எல்லாவற்றையும் விவரமாக வெட்டி வைத்தார்கள், சரிதான். அந்தச் சுவர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கிறது, யாரும் நின்று நிதானமாகப் படிக்கலாம். நம் ஸ்லைடு நிற்பது ஒரு நிமிடம். அதில் கொஞ்சம் எழுதி, மீதியை வாயால் சொல்லுவோம். சொல்லும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்ப்போம்.

ஒரு தாளை மடியுங்கள் நண்பர்களே! அடுத்த செமினார் உங்களுடையது. வாழ்த்துகள்!

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்