காட்டுப்பன்றியும் கரிசற் காட்டு நாயும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுக்காக்களின் மானாவாரிப் புஞ்சைகளில், மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவமும் நிலக்கடலை காய் முற்றும் பருவமும் விவசாயிக்கு உறக்கமில்லாத பருவங்களாகும். பகல் முழுதும் கண்மாய் உட்புறத்திலும் ஓடைக்கரையிலும் மண்டிய சீமைக் கருவேல் புதர்களுக்குள் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிகள், இருட்டியதும் கூட்டமாய் வெளிப்படுகின்றன. ஒரு கதிரைத் தின்பதற்கு ஆளுயரத் தட்டையை ஒடித்துச் சாய்த்தும், கடலைச் செடியை வேரோடு கிளறியும், தின்றதைக் காட்டிலும் பாழ்செய்ததே மிகுதி என்னும்படி செய்துவிட்டு விடியுமுன் மறைந்து போகின்றன. இப்பக்கத்தில் காடு என்றால் புஞ்சை நிலம் என்றே பொருள். மரம் அடர்ந்த வனம் அன்று. பன்றி மலையடிவாரத்துக்கு உரிய பிராணி என்று முன்னோர் எண்ணியிருந்தனர். ஆனால் சீமைக் கருவேல் பரவிய பின் கண்மாய்தோறும் அதற்கு ஒரு மலையடிவாரம் கிடைத்துவிட்டது.

இந்நிலையில் பாளையம்பட்டி முதலிய ஊர்களில் நிலமுடையோர் நல்ல வேட்டை நாய்களைத் தேடத் தொடங்குவது இயல்பே. அவர்கள் நெடுந்தூரம் போகவேண்டியதும் இல்லை. இராஜபாளையம் நாய் இதே விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தது. சிப்பிப்பாறை நாயும் இந்த ஜில்லாவின் தென்பகுதிக் கிராமம் ஒன்றின் பெயரையே தாங்கியிருக்கிறது. கன்னி என்னும் இனம் கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தது. கோம்பை நாய் தேனி ஜில்லாவில் மலையை ஒட்டிய கோம்பை ஊருக்கு உரியது. பாளையக்காரர் காலத்து வேட்டைகளுக்குப் பெயர்பெற்ற இந்நாய்களை ஐரோப்பியர் பாளையக்காரர் நாய் என்றே எழுதிவைத்தனர். ஆயினும் இவை அனைத்தும் ஒரே தொழிலுக்கு உரியவை அல்ல. அதனை அறியாமல் பணம் கொடுத்து வாங்கி ஏமாறுவோர் பலர்.

பன்றி வேட்டைக்கு நாய்களைப் பழக்கிய தேசங்களில் எல்லாம் இருவகை நாய்கள் உண்டு. முதல்வகை மோப்பத்தினாலோ கண்ணினாலோ பன்றியைக் கண்டு, எட்ட நின்று குரைத்து, அதனை ஓடவிடாமல் மறித்து நிறுத்துவது. இரண்டாம் வகை, மறித்து நிறுத்தப்பட்ட பன்றியின்மேல் பாய்ந்து, காதையோ கன்னத்தையோ கவ்வி, வேட்டைக்காரன் வந்து சேரும்வரை விடாமல் பிடிப்பது. முன்னதற்கு வேண்டியன மூச்சும், குரலும், சமயம் அறிந்து விலகும் புத்தியும். பின்னதற்கு வேண்டியன பருத்த தாடையும், உடற்கனமும், வலியைப் பொருட்படுத்தாத பிடிவாதமும். அர்ஜென்டினா தேசத்துக் கார்டோபா நகரில் 1928-ஆம் வருஷம் முதல் அந்தோனியோ நோரெஸ் மார்த்தினெஸ் என்பவர், உள்ளூர்ச் சண்டை நாயுடன் பல இனங்களைக் கலந்து, இப்பிடிக்கும் தொழிலுக்கென்றே ஒரு வெள்ளை நாயை உண்டாக்கினார். அது நாற்பது கிலோ அளவு நிறையுள்ளது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பிடிக்கும் நாய்க்குக் கழுத்திலும் மார்பிலும் கனத்த கவசம் பூட்டியே விடுகிறார்கள். கவசம் எதற்கு என்பதை ஒரு முறையேனும் பன்றி கிழித்த நாயைப் பார்த்தவர் கேட்கமாட்டார்.

முற்றிய ஆண் பன்றி நூறு கிலோ எடையை எட்டக்கூடும். அதன் கீழ்க் கோரைப்பற்கள் மேற்பற்களோடு இடைவிடாமல் உராய்ந்து தாமே கூர்மையடைகின்றன. தோளின் மேற்பகுதியில் தோல் கேடயம்போல் தடித்திருப்பதால், அங்கே நாயின் பல் எளிதில் இறங்குவதில்லை. பன்றியோ தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசும்போது, நாயின் மார்பும் அடிவயிறும் தொடையின் உட்புறமும் ஒருங்கே கிழிபடுகின்றன. மெலிந்த உடலும் மெல்லிய தோலும் உடைய சிப்பிப்பாறையும் கன்னியும் திறந்த கரிசலில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டுவதற்கு அமைந்தவை. அவற்றைப் பன்றியின்மேல் ஏவுவது, பந்தயக் குதிரையைக் கமலை இறைக்கப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

இவற்றைக் கூறுவது, பிடிக்கும் நாய் ஒன்றை வாங்கிப் பன்றி வேட்டைக்குப் புறப்படுங்கள் என்பதற்காக அன்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேட்டை என்னும் சொல் கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. பிடித்தலும், துரத்துதலும், கண்ணி வைத்தலும், இரை வைத்தலும், அவற்றுக்கு முயலுதலும் அதில் அடங்கும். 2022-ஆம் வருஷத் திருத்தத்தின் பின் காட்டுப்பன்றி அச்சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. ஆகையால் தன் சொந்தப் புஞ்சையிலேயே ஆனாலும், அனுமதியின்றிப் பன்றியின்மேல் நாயை ஏவுபவர் குற்றவாளி ஆகிறார். பிடித்துவந்த பன்றியைக் கட்டிவைத்து நாயைக் கடிக்கப் பழக்குவது, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி வேறொரு குற்றம். பயிரை அழிக்கும் பன்றியின் விஷயத்தில் 11-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவிடும் அதிகாரம், பிரதம வனவிலங்குக் காப்பாளருக்கும் அவரால் நியமிக்கப்பட்டவருக்குமே உண்டு.

ஆகவே விவசாயி கேட்கவேண்டிய கேள்வி, பன்றியைப் பிடிக்கும் நாய் எது என்பதன்று. பன்றியைப் புஞ்சைக்குள் இறங்கவிடாத நாய் எது என்பதே. இவ்விரண்டும் ஒன்றென்று கருதுவதே பெருந்தவறு. பிடித்ததை விடாமை வேட்டைக்குக் குணம், காவலுக்குக் குற்றம். விடாத நாய் வரப்பைத் தாண்டிப் புதருக்குள் புகுந்து மடியும். அல்லது அயலான் ஆட்டையும் மயிலையும் கொன்று எஜமானனை வழக்கில் மாட்டும். காவலுக்கு வேண்டியது, சிறு அரவத்துக்கும் குரல் கொடுத்து, எல்லையோடு நின்று, கூப்பிட்டதும் திரும்பும் நாய். திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, எஜமானனோடு நின்று கள்ளரை எதிர்த்த கோவிவன் என்ற நாயின் உருவத்தையும் பெயரையும் தாங்கி நிற்கிறது. காவல் நாய்க்குத் தமிழர் கல் நாட்டிச் சிறப்பித்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இத்தொழிலுக்குக் கோம்பை நாய் மிகப் பொருத்தமானது. குட்டையாயினும் திரண்ட உடல், செம்பழுப்பு நிறம், கறுத்த முகவாய், வெயிலையும் கரடுமுரடான தீனியையும் பொறுக்கும் திறம் ஆகியவை அதற்கு உண்டு. இராஜபாளையம் நாய் உயரமும் கம்பீரமும் உடையது; அந்நியரைச் சேர்க்காதது; வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிறந்தது. எனினும் பலர் நடமாடும் பாதையோரப் புஞ்சையில் அதனை அவிழ்த்துவிடலாகாது. இவற்றில் எதுவும் கிடையாவிடின், நல்ல குரலுள்ள நாட்டு நாய் இரண்டு, பெயருக்கு மட்டும் உயர்ந்த இனத்து நாய் ஒன்றைவிட மேலாகும். அயல்தேசத்துச் சண்டை நாய்களோடு கலப்புச் செய்து கனத்த குட்டி எடுக்க முயல்வோர், உள்ளூர் இனத்தையும் இழந்து, அடங்காத நாயையும் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். இவ்வினங்கள் அருகிவருவதைக் கண்டே 1980-81-ல் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையார் நாய் இனவிருத்தி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினர். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகத்தின் பதிவிலும் ஏறியுள்ளன.

குட்டியைத் தெரிந்தெடுக்கும்போது முதலில் தாயைப் பார்க்கவேண்டும். கூடுமானால் தகப்பனையும் அதன் இருப்பிடத்திலேயே காணவேண்டும். பயத்தினால் கடிக்கும் தாயின் குட்டிகள் பெரும்பாலும் அவ்வாறே ஆகும்; அதனைத் தைரியம் என்று விற்பவர் சொல்வதை நம்பலாகாது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒழுங்காகப் பொருந்தியிருத்தல், ஆழ்ந்த மார்பு, நேரான முன்னங்கால், விரல் விரியாது குவிந்த பாதம் ஆகியவை கரிசல் வெடிப்பிலும் முள்ளிலும் உழைக்கவேண்டிய நாய்க்கு அவசியம்.

இராஜபாளையம் குட்டியில் இவை எல்லாவற்றினும் முந்திப் பார்க்கவேண்டியது காது. தூய வெண்ணிறமே இவ்வினத்தின் அழகாகக் கொள்ளப்படுகிறது. அவ்வெண்மையே செவிட்டுக்கும் காரணமாகிறது. நிறத்தைத் தரும் அணுக்கள் உட்செவியிலும் இருந்தாலன்றி, ஒலியை உணரும் பகுதி நிலைபெறாது. அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அப்பகுதி அழிந்து போகிறது. ஐந்து வாரத்துக்கு மேற்பட்ட குட்டி தனியே உறங்கும்போது, அதன் கண்ணில் படாமலும் காற்றோ தரை அதிர்வோ எட்டாமலும், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கவேண்டும். கூட்டத்தோடு இருக்கையில் சோதிப்பதில் பயனில்லை. மற்றக் குட்டிகள் எழுவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனை காட்டாது. அதுவும் பிற்காலத்தில் செவிட்டுக் குட்டிகளைப் பெறக்கூடும். எனவே ஓர் ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறந்தால், அத்தாய் தந்தையரை மறுபடி இணை சேர்க்காதிருப்பதே நன்று. ஊரில் நாலைந்து நாய்களே இருக்கின்றன என்று தகப்பனை மகளோடும், ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தமக்குள்ளும் சேர்ப்பது இக்குறையை வளர்க்கும் நேர்வழி. பக்கத்துத் தாலுக்காவிலிருந்து உறவில்லாத ஆண் நாயைக் கொணரும் செலவு வீண்செலவன்று.

பெட்டை நாய் முதற்பருவம் அடைந்தவுடன் சேர்ப்பது கூடாது. தொழிலாக நாய் வளர்ப்போருக்கு 2017-ஆம் வருஷத்தில் வகுக்கப்பட்ட விதிகள், பதினெட்டு மாதம் நிரம்பியபின் வருஷத்துக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்து ஈற்று என்று வரம்பிடுகின்றன. அவ்விதிகளின்படி பதிவு செய்துகொள்ளுதலும் கட்டாயம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கலாகாது. அவ்வளவு நாள் உடன்பிறப்புகளோடு விளையாடிய குட்டிதான் எவ்வளவு கடிக்கலாம், எப்போது விடவேண்டும் என்பதைக் கற்கிறது.

பழக்குதலில் முதற்பாடம் கூப்பிட்டால் வருதல். பிறவெல்லாம் அதற்குப் பின்னரே. குட்டியை மாலைதோறும் வரப்பைச் சுற்றி நடத்தி, எல்லை மூலைகளில் நிறுத்தித் திருப்பிக்கொண்டுவரவேண்டும். இரவில் இருமுனைக் கம்பங்களுக்கிடையே தாழக் கட்டிய கம்பியில் வளையம் மாட்டி, அதில் ஓடும் சங்கிலியில் நாயைப் பிணைக்கும் வழக்கம் நல்லது. ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். கட்டுண்ட நாய் பன்றியிடமிருந்து தப்ப முடியாது. கம்பியின் ஒரு முனை காவற்குடிசைக்குள்ளோ, முள்வேலி அடைப்புக்குள்ளோ முடியும்படி அமைத்தால் நாய் பின்வாங்கி உயிர்தப்பும். ஒரே நாயைத் தனியே விடாது இரண்டை இருபுறம் கட்டினால், ஒன்றன் குரல் மற்றொன்றுக்குத் துணையாகும். நாய் மட்டும் போதும் என்று இருப்பதும் சரியன்று. பரணில் ஆளும் விளக்கும், வரப்போரத்துச் சீமைக் கருவேலை வெட்டிப் புதர் நீக்குதலும் சேர்ந்தாலே பயன் காணும். அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் சட்ட விரோதமானவை. பன்றியினும் முந்தி நாயையும் மாட்டையும், சிலசமயம் வைத்தவனையுமே கொல்லுகின்றன.

பன்றி இறைச்சியை, முக்கியமாய்ப் பச்சையாக, நாய்க்குப் போடுவது ஆபத்து. ஔஜெஸ்கி நோய் என்னும் பன்றி நோய் நாய்க்குத் தொற்றினால் சில தினங்களில் மரணமே. பல தேசங்களில் வேட்டை நாய்கள் இதனால் மாண்டிருக்கின்றன. 2023-ஆம் வருஷத் தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் இறந்தன. அந்நோய் நாயைத் தாக்காதாயினும், இறந்த பன்றியை இழுத்துவரும் நாய் ஊரிலுள்ள வளர்ப்புப் பன்றிகளுக்கு அதனைக் கொண்டுவரும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின் வருஷந்தோறும் மறு ஊசியும் தவறாது போடவேண்டும். நாய் கடித்த மனிதர் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சுண்ணாம்பும் மிளகாயும் அப்புவது உயிருக்கு உலை வைக்கும். பன்றி கிழித்த நாயின் வயிற்றிலிருந்து குடல் வெளிப்பட்டிருந்தால் உள்ளே தள்ளலாகாது; கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியைச் சுற்றிக்கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். வெளியே சிறிதாய்த் தோன்றும் துளை உள்ளே கையளவு பிளந்திருப்பதுண்டு.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையார் சுடலாம். அனுமதி வனத்துறையாருக்கே, பட்டாதாருக்கு அன்று. ஆயினும் புஞ்சை எந்தத் தூரத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் எந்த மனுவும் நகராது. அழிவு நேர்ந்த மறுநாளே, சர்வே நம்பர், பயிர், அழிந்த பரப்பு, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைக் கண்டு எழுதி, கிளறிய மண்ணும் குளம்படியும் தெரியும்படி படம் எடுத்து மனுவோடு சேர்த்தனுப்புவது நலம். ஒரு மழை பெய்துவிட்டால் குளம்படி இராது.