அரை டிக்கெட்டும் ஓர் இரவுத் தூக்கமும்

தாத்தா பாட்டி ஊர், குலதெய்வக் கோயில் என்று ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. சென்னை வரை விமானப் பயணம் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர், ஓர் இரவு முழுவதும் இரயிலில். சிறு பிள்ளை உள்ளவர்களுக்கு உண்மையான பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

பலர் ஏமாறுவது பயணச்சீட்டில்தான். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைக் கட்டணம் கட்டினாலே முழுப் படுக்கை கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நினைப்பில் இன்றும், "பிள்ளைக்கு அரை டிக்கெட் போதும்" என்று ஊரிலுள்ள சொந்தக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். 2016 ஏப்ரல் 21 முதல் விதி மாறிவிட்டது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணத்தில் பிள்ளை பயணம் செய்யலாம், படுக்கை கிடையாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமே இல்லை. ஆனால் படுக்கை கேட்டால் அதற்கும் முழுக் கட்டணம்தான்.

இதனால் என்ன ஆகிறது? ஒரு படுக்கையின் அகலம் சுமார் இரண்டடி. கைக்குழந்தை என்றால் தாய் அணைத்துக்கொண்டு ஒருவாறு படுத்துவிடலாம். எட்டு வயதுப் பையன் காலை நீட்டினால் தாய் எழுந்து உட்கார வேண்டியதுதான். உட்காரவும் வசதியில்லை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நடுப்படுக்கையை விரித்துக்கொள்ளும் உரிமை அதற்குரியவருக்கு உண்டு. கீழே இருப்பவர் தலை குனிந்தபடி விடிய விடிய விழித்திருப்பார். நம் பணத்தில் மிச்சமாவதோ சில வெள்ளி.

ஆர்.ஏ.சி. சீட்டு இன்னும் மோசம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும், பிள்ளையோடு மூவர். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், விமானச் சீட்டு எடுத்த கையோடு இரயிலையும் கவனிப்பது நல்லது.

வடக்கே லக்னோ மெயிலில் 2022 மே மாதம் தாயின் படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதை நம்பி யாரும் புறப்பட வேண்டாம். கீழ்ப்படுக்கையில் பிள்ளையைச் சுவர் பக்கமாகப் படுக்க வைத்துத் தாய் வெளிப்பக்கம் படுப்பதே பாதுகாப்பு. குளிர்சாதனமில்லாத பெட்டியில் சன்னல் கதவு மேலிருந்து கீழே விழும். சின்ன விரல்கள் அதற்கடியில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால் கலக்கச் சுடுநீரை ஏறுவதற்கு முன்பே பிளாஸ்கில் நிரப்பிக்கொள்ளலாம். சிறிய நிலையங்களில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும். தேநீர் வாங்க இறங்கும் தகப்பனார் பின்னால் பிள்ளையும் இறங்கிவிடுவது உண்டு. எனவே பெட்டி எண்ணையும், தமிழ்நாட்டிலுள்ள உறவினரின் கைப்பேசி எண்ணையும் தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். நம்முடைய எண் அங்கே வேலை செய்யாமல் போகலாம். இரயில்வே உதவிக்கு 139, குழந்தைகள் உதவிக்கு 1098.