வெட்பாலைச் சிமிழில் வீட்டுக் களிம்பு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பெங்களூருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தார் முதல் ஆண்டில் கன்னடம் கற்றுக்கொள்கிறார்களோ இல்லையோ, மார்கழி பிறந்ததும் இந்த ஊரின் காற்றைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்றில் ஈரம் குறைந்துவிடும். குழந்தைகளின் கன்னம் சொரசொரக்கும், உதடு வெடிக்கும், பெரியவர்களுக்குக் குதிகால் பிளந்து, தரையில் கால் வைக்கவே எரியும். குளியலறையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு விழாது. ஊரில் இருந்தவரை புழுக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், அந்த ஈரக்காற்று தோலுக்குச் செய்த உபகாரத்தை இங்கே வந்துதான் உணர்கிறார்கள்!

இந்தக் குளிருக்காக நான் சில ஆண்டுகளாக வீட்டிலேயே களிம்பு செய்து வருகிறேன். நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கவும் அதுவே ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கிண்ணம் கொடுப்பதைவிட, கையால் கடைந்த சிறு மரச் சிமிழில் களிம்பு வைத்துக் கொடுத்தால் வாங்குபவர் முகம் மலர்கிறது. ‘எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று சங்கத்துச் சகோதரிகள் பலர் கேட்டுவிட்டார்கள். செய்முறையைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் விழாக் காலச் சந்தை ஒன்றில், பக்கத்து வீட்டு மாமி அழகான வண்ண மரக்கிண்ணத்தில் ஒரு கிரீம் வாங்கினார். கற்றாழைச் சோறு, பன்னீர், தேங்காய் எண்ணெய் மூன்றையும் மிக்ஸியில் அடித்தது. வெண்ணெய் போல இருந்தது. மணமும் நன்றாக இருந்தது. இருபது நாள் கழித்து மூடியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது. விற்ற பெண் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். ‘இரசாயனம் ஒரு துளியும் கலக்கவில்லை’ என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். பூஞ்சை பிடித்ததற்குக் காரணமே அதுதான்!

தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் கிருமி வளரும். பன்னீரும் தண்ணீர்தான், கற்றாழைச் சோறும் பெரும்பகுதி தண்ணீர்தான். கடையில் விற்கும் கிரீம்கள் மாதக் கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் அளந்து சேர்க்கப்படும் கெடாமல் காக்கும் மருந்துகள். அவற்றை அளந்து சேர்க்கும் வசதி நம் சமையலறையில் கிடையாது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடுமே தவிர, கிருமியைத் தடுக்காது. பூஞ்சையாவது கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்பே பெருகியிருக்கும் பாக்டீரியா தெரியாது. அதை எடுத்து வெடித்த குதிகாலிலும் குழந்தையின் கன்னத்திலும் தடவினால் என்ன ஆகும்?

நம் பாட்டிமார்களுக்குப் பாக்டீரியா என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் நலுங்கு மாவைக் காயவைத்து அரைத்து உலர்ந்த டப்பாவில்தான் வைத்தார்கள். குளிக்கப் போகும்போதுதான் அதில் தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். கற்றாழையைக் கீறினால் அப்போதே பூசி முடித்தார்கள். அலமாரியில் அடைத்து வைக்கவில்லை. எண்ணெயைக் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கி ஈரம் முழுக்க வற்றும் வரை இறக்க மாட்டார்கள்.

நீர் கலந்த களிம்பும் பழங்காலத்திலிருந்தே உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கிரேக்க மருத்துவர் காலன், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிப் பன்னீர் விட்டு அடித்துச் செய்த களிம்புதான் இன்றைய ‘கோல்ட் கிரீம்’ வகைக்கெல்லாம் மூதாதை என்பார்கள். அதிலுள்ள நீர் தோலில் ஆவியாகும்போது குளிர்வதால் அந்தப் பெயர். நம் சித்த வைத்தியத்தில் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறது: குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, நீர் விட்டுக் கடைந்து கழுவினால் வெள்ளை வெளேரென்று வெண்ணெயாகத் திரண்டு வரும். ஆயுர்வேதத்தில் ‘சததௌத கிருதம்’ என்பது நூறு முறை கழுவிய நெய்.

இந்த நூறு முறை கழுவிய நெய்யை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும், அந்த வேடிக்கைக்காகவே. நல்ல பசுநெய் ஐந்தாறு கரண்டியைச் சுத்தமான செம்புத் தாம்பாளத்தில் போட்டு, ஆறிய குடிநீர் சிறிது விட்டு உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். சற்று நேரம் தேய்த்து, நீரை வடித்துவிட்டு, புதுநீர் விட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். முதல் பத்து முறை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். முப்பது நாற்பதைத் தாண்டியதும் நெய்யின் மஞ்சள் நிறம் வெளுக்கத் தொடங்கும். மணல் போன்ற பதம் மாறும். நூறை எட்டும்போது நெய் வாசனை மறைந்து, கடையில் வாங்கிய கிரீம்தானோ என்று சந்தேகப்படும்படி வெண்மையாக, மழமழவென்று நிற்கும். இரண்டு பேர் பேசிக்கொண்டே மாற்றி மாற்றித் தேய்த்தால் அலுப்புத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் தவறிப்போகும்! எரிச்சலுள்ள தோலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் இதிலும் நீர் தங்கியிருக்கிறது. ஆகவே கொஞ்சமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவதே என் வழக்கம். அன்பளிப்பாகக் கொடுப்பதில்லை.

கொடுப்பதற்கு நான் செய்வது நீரே இல்லாத மெழுகுக் களிம்பு. 100 கிராமுக்குக் கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 40 கிராம், நல்லெண்ணெய் 25 கிராம், முருகல நெய் 20 கிராம், தேன்மெழுகு 15 கிராம். தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கு இதில் உதவாது.

முருகல நெய் என்றால் பலருக்குப் புதிதாக இருக்கும். கொங்கணத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் கோகம் புளியின் விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. விதையை இடித்து நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுத்து உருண்டை பிடிப்பார்கள். மலைநாட்டுக் கன்னடக்காரர்கள் ‘முருகல துப்ப’ என்கிறார்கள். துப்ப என்றால் நெய். குதிகால் வெடிப்புக்கு அங்கே அதுதான் கைவைத்தியம். சாதாரணமாகக் கல் போல இருக்கும், ஆனால் உடல் சூட்டில் தோலில் தேய்த்தால் இளகிவிடும். இங்கே குடியேறியதால் நமக்குக் கிடைத்த செல்வங்களில் ஒன்று என்றே இதைச் சொல்வேன். பெங்களூரில் நாட்டு மருந்துக் கடையைக் ‘கிரந்திகெ அங்கடி’ என்பார்கள்; அப்படிப்பட்ட கடைகளில் கேட்டுப் பாருங்கள். தேன்மெழுகு மஞ்சளாக, தேன் மணத்தோடு இருக்க வேண்டும். வெள்ளையாக மணமில்லாமல் இருந்தால் அது மெழுகுவத்திக்கு ஊற்றும் மெழுகாக இருக்கலாம்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, அதற்குள் துடைத்து உலர்த்திய எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, முதலில் மெழுகைப் போடுங்கள். தேன்மெழுகு உருக 62, 63 டிகிரி சூடு வேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் கருகும். மெழுகு உருகியதும் முருகல நெய், பிறகு எண்ணெய்கள். எல்லாம் ஒன்றாகத் தெளிந்ததும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு, பாகுப் பதம் பார்ப்பதுபோல விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லெண்ணெய் ஒரு கரண்டி, இளகினால் மெழுகு கொஞ்சம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால், இந்த அளவு பெங்களூர்க் குளிருக்குத்தான் சரி. சென்னையிலிருக்கும் அக்காவுக்கு அனுப்புவதென்றால் மெழுகை 20 ஆக்கித் தேங்காய் எண்ணெயை 35 ஆகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பார்சலில் எண்ணெய்தான் போய்ச் சேரும்! எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, வேண்டாம். அது நீர் என்பது ஒருபுறமிருக்க, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுத்துப் போவதுண்டு.

இனி சிமிழ். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். நம் வீட்டுக் கொலுவில் ஒன்றிரண்டு பொம்மைகளாவது அங்கிருந்து வந்திருக்கும். பொம்மைகளோடு குங்குமப் பரணிகளையும் அங்கே கடைகிறார்கள். எந்த மரம் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். கடைசலை நிறுத்தாமலே, ‘ஹாலெ மர, அக்கா’ என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. தமிழில் ‘ப’ வரும் பல சொற்களில் கன்னடத்தில் ‘ஹ’ வரும் என்பது நாமெல்லோரும் அறிந்தது: பால் ஹாலு, பூ ஹூவு, பல்லி ஹல்லி. அப்படியானால் ஹாலெ நம் பாலை! ஆம், அது வெட்பாலை மரமேதான். அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும்; காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் வெட்பாலைத் தைலம் அதுதான். (அது மருந்து, மருத்துவரைக் கேட்காமல் களிம்பில் கலக்க வேண்டாம்.) இலை அங்கே தோலுக்குத் தைலமாகிறது, மரம் இங்கே களிம்புக்குச் சிமிழாகிறது.

வெட்பாலை வெண்மையான, மென்மையான மரம். உலர்த்திக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கிறார்கள். பிறகு சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். அதைத் தாழை ஓலையால் தேய்த்ததும் கண்ணாடி போல மின்னுகிறது. தூரிகையும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சளும் நீலத்துக்கு அவுரியும் போன்ற தாவரச் சாயம் போட்டவை தனியாகக் கிடைக்கும்; கேட்டு வாங்க வேண்டும். சன்னபட்டணம் போக முடியாதவர்களுக்கு மகாத்மா காந்தி சாலையில் காவேரி எம்போரியம் இருக்கிறது.

ஆனால் களிம்பை நேராகச் சிமிழில் ஊற்றக் கூடாது. உட்புறத்தில் அரக்குப் பூச்சு இல்லாவிட்டால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். பூச்சு இருந்தாலும் சூடான மெழுகு பட்டால் அரக்கு இளகும். சாராயம் கலந்த வாசனைத் திரவியம் பட்டாலும் கரையும். ஆகவே சிறிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அது உள்ளே உட்காரும்படி கடைந்து தரச் சொன்னேன். களிம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, பிறகுதான் சிமிழுக்குள் வைக்கிறேன். மண் சாடி விரும்புகிறவர்கள் பென்சன் டவுனை அடுத்த பாட்டரி டவுனுக்குப் போகலாம். மெருகு பூசாத மண்ணும் எண்ணெய் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சிமிழ் அழகாக இருந்தால் உள்ளே இருப்பதையும் நம்பிவிடுகிறோம். மைசூர் சாண்டல் சோப்பை நகைப் பெட்டி போன்ற அட்டைப் பெட்டியில் வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே உள்ளே இருந்ததும் அசல் சந்தன எண்ணெய். எல்லோரும் அப்படி இல்லை. தோலை வெளுப்பாக்கும் என்று விற்ற கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காரணம் அவற்றிலிருந்த பாதரசம். தயாரித்தவர் பெயரோ, உரிம எண்ணோ இல்லாத டப்பாவை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் இந்த வெளுப்புக் கிரீம்கள் இன்னும் நுழைகின்றன என்பது எனக்கு வருத்தமும் கோபமும் தரும் விஷயம்.

இதே காரணத்தால்தான் நானும் விற்பதில்லை. ‘நாலு சிமிழ் விலைக்குக் கொடுங்கள்’ என்று கேட்பவர்களிடம் சட்டத்தைச் சொல்லிவிடுவேன். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளும் விற்பனைக்குச் செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்கின்றன. தனக்கும் தன் வீட்டாருக்கும் செய்துகொள்வதற்கு அது தேவையில்லை. சந்தையில் மேசை போட நினைக்கும் சகோதரிகள் முதலில் உரிமத்தைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு சிமிழின் அடியிலும் ஒரு சிறு காகிதம் ஒட்டுகிறேன். செய்த தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது, நான்கு மாதத்துக்குள் பயன்படுத்தவும், ஈரக்கையால் தொட வேண்டாம் — இவ்வளவுதான். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணெய் என்ற சொல்லைப் பார்த்து அவர்கள் விலகிக்கொள்ளலாம். யாராக இருந்தாலும் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போட வேண்டும். எதிர்வீட்டுக் கன்னட அம்மாளுக்காக இதையெல்லாம் கன்னடத்திலும் எழுதப் பழகினேன். ‘எள்ளெண்ணெ’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அவரே எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். களிம்பு தீர்ந்ததும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தருகிறார்கள். சிமிழ் அவர்கள் வீட்டுப் பூஜையறையிலேயே குங்குமத்தோடு தங்கிவிடுகிறது.